மஞ்சள் கொடி கட்டிய படகு

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்த் திரும்பிய பெற்றோர்களின் கட்டுரைகள் நம் இதழில் எத்தனையோ வந்துவிட்டன. நயாகராவும் டிஸ்னிலேண்டும் பிட்ஸ்பர்க் வேங்கடாசலபதி கோயிலும் வாசகர்களுக்கு மாதுங்கா மார்க்கெட் மாதிரிப் பழகிப்போயிருக்கும். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, 2024 ஆகஸ்டில் நாங்கள் போய்வந்த ஒரு படகுப் பயணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான்கே நாள். அமெரிக்காவிலிருந்து கடல் வழியாகக் கனடா. அங்கிருந்து திரும்பவும் அமெரிக்கா. கப்பலில் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தப் படகில்.

இதில் எனக்குத் தனி ஆவல் இருந்ததற்குக் காரணம் உண்டு. முப்பத்தொரு வருஷம் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். கப்பல் வந்து நின்றதும் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவது என் உத்தியோகம். மாலுமிகள் பட்டியல், சரக்குப் பட்டியல், கப்பலிலுள்ள மது, சிகரெட் கணக்கு, யாருக்கும் தொற்றுநோய் இல்லை என்று கேப்டன் கையெழுத்திட்ட பிரகடனம் எல்லாம் சரியாக இருந்து, சுகாதார அதிகாரி சம்மதம் கொடுத்த பிறகுதான் கொடிமரத்திலிருந்து மஞ்சள் கொடி இறங்கும். அதுவரை ஒருவரும் கரையில் கால் வைக்கக் கூடாது. ஆகவே கடல் வழியாக ஒரு நாட்டுக்குள் நுழைவது என்றால் என் மனத்தில் பத்தாயிரம் டன் இரும்பும் ஒரு கட்டுக் காகிதமும்தான் தோன்றும். ஒரு குடும்பம் இட்லிப் பாத்திரத்தோடு படகில் ஏறிப் பக்கத்து நாட்டுக்குப் போய்வரலாம் என்பது நான் நினைத்தும் பார்க்காத விஷயம்.

எங்கள் மகன் சியாட்டிலுக்கு அருகில் இருக்கிறான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மனிதருக்கோ படகுதான் உயிர். முப்பத்தாறு அடி நீளம், டீசல் இஞ்சின், ஆறு பேர் நெருக்கிக்கொண்டு படுக்கலாம், சமைக்க ஒரு சின்ன அடுப்பு. அதை வடக்கே அனகோர்ட்டஸ் என்ற ஊரில் கட்டி வைத்திருக்கிறார். 2023இல் நாங்கள் போயிருந்தபோதே, "கனடா இதோ இருக்கிறது, ஒரு எட்டு போய்விட்டு வரலாம், வாருங்கள்" என்று கூப்பிட்டார். செம்பூர்க்காரன் வாஷி பாலத்தைத் தாண்டுவது போலத்தான் அவருக்கு அது. நான் உற்சாகமாகத் தலையாட்டினேன். மகன் முகம் மட்டும் வாடிவிட்டது.

அது ஏன் என்பது பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் வாசகர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் இருப்பது எச்-1பி என்ற வேலை அனுமதியில். கிரீன் கார்டு வரிசையில் 2013 முதல் நிற்கிறான். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று அங்கே சட்டம். சின்னஞ்சிறு லக்ஸம்பர்க்குக்கும் அதே 7, நமக்கும் அதே 7. வரிசை நகருவதே தெரியாது. தங்கி வேலை பார்க்கும் அனுமதியைக் கம்பெனி அவ்வப்போது புதுப்பித்து விடுகிறது. அது ஒரு காகிதம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா வேறு. அது வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்கு. அவனுடைய விசா 2021இல் காலாவதியாகிவிட்டது. நாட்டுக்குள்ளேயே இருக்கும்வரை அதனால் தவறில்லை. வெளியே போனால், திரும்பி வர ஓர் அமெரிக்கத் தூதரகத்தில் புது விசா வாங்கியாக வேண்டும். அதற்குத் தேதி கிடைக்க வேண்டும். கிடைத்தபின், மேலும் பரிசீலிக்கிறோம் என்று பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளாமலிருக்க வேண்டும். அவன் நண்பன் ஒருவன் இரண்டு வார லீவில் கோயம்புத்தூர் வந்து நான்கு மாதம் மாட்டிக்கொண்டான். வீட்டுக் கடன், குழந்தையின் பள்ளிக்கூடம், வேலை எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்.

ஆகவே ஐந்து வருஷமாக அவன் பம்பாய்க்கு வரவில்லை. அவனைத் தூக்கி வளர்த்த என் அக்கா 2022இல் காலமானபோது, மருமகள் பிடித்துக்கொண்டிருந்த ஃபோனில்தான் எல்லாவற்றையும் பார்த்தான். நாங்களே போய்ப் பார்த்துவிட்டு வருவதன் காரணமும் அதுதான்.

இப்படியிருக்க, படகில் கனடா போவதாவது? ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்பினால், விசா காலாவதியாகியிருந்தாலும், தங்கும் அனுமதியான ஐ-94 செல்லுபடியாக இருந்தால் உள்ளே விடலாம். போன இடத்தில் புது விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கக் கூடாது. போட்டால் சலுகை போயிற்று. மகன் இந்த விதியை அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டு ஃபைலில் வைத்தான். கனடா விசா எங்கள் எல்லோருக்குமே வேண்டும். நானும் மனைவியும் மும்பையில் கைரேகை கொடுத்து வாங்கினோம். மகனும் மருமகளும் அங்கேயே வாங்கினார்கள். எட்டு வயதுப் பேத்தி அங்கேயே பிறந்தவள், அமெரிக்கப் பிரஜை. அவளுக்கு ஒன்றும் தேவையில்லை. அவள் பாஸ்போர்ட்டையும் என் பாஸ்போர்ட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீலம்தான்.

அனகோர்ட்டஸிலிருந்து கிளம்பி முதல் நாள் முழுவதும் சான் வான் தீவுகளுக்கு ஊடே போனோம். கரையெல்லாம் தேவதாரு மரங்கள், பாறைமேல் கடல்நாய்கள், தண்ணீரில் மிதந்து வரும் பெரிய பெரிய மரக்கட்டைகள். அந்தக் கட்டைகளில் இடிக்காமல் ஓட்டுவதே அங்கே பாதி சாமர்த்தியம். சாயங்காலம் சான் வான் தீவின் வடமேற்கு முனையில் ரோச் ஹார்பர் என்ற துறையில் கட்டினோம். எதிரே பத்து கடல் மைல் தள்ளிக் கனடா. இடையே இருப்பது ஹாரோ நீரிணை.

அந்த நீரிணையில் எல்லைக்கோடு விழுந்த கதை வேடிக்கையானது. 1846இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் எழுதின. 49ஆவது அட்சரேகைதான் எல்லை. அது கடலைத் தொட்டதும், பெருநிலத்தையும் வான்கூவர் தீவையும் பிரிக்கும் நீர்வழியின் நடுவே தெற்காகத் திரும்பும் என்று எழுதினார்கள். எழுதியவர்கள் வெகு தூரத்தில் மேஜைமுன் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த இடத்தில் நீர்வழி ஒன்றல்ல, மேற்கே ஹாரோ, கிழக்கே ரொசாரியோ என்று இரண்டு இருந்தது அவர்கள் எழுத்தில் வரவில்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்த தீவுகள் யாருக்கு? இரண்டு பேருமே எங்களுக்கு என்றார்கள். 1859 ஜூன் 15 அன்று, சான் வான் தீவில் குடியேறியிருந்த ஓர் அமெரிக்கரின் உருளைக்கிழங்குப் பாத்தியை, பிரிட்டிஷ்காரர்களின் ஹட்சன்ஸ் பே கம்பெனிப் பன்றி ஒன்று கிண்டித் தின்றது. அவர் அதைச் சுட்டுவிட்டார். சுட்டவரைக் கைது செய்வோம் என்று ஒரு பக்கம்; அவரைக் காப்பாற்றப் பட்டாளம் என்று மறுபக்கம். ஆகஸ்டுக்குள் 461 அமெரிக்கச் சிப்பாய்கள் கரையில், 5 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் 2,140 பேர் கடலில். நல்லவேளையாக இரு பக்கமும் பொறுமைசாலிகள் இருந்தார்கள். கடைசியில் செத்தது அந்தப் பன்றி ஒன்றுதான். பிறகு தீவின் ஒரு கோடியில் அமெரிக்க முகாம், மறு கோடியில் ஆங்கில முகாம் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருவரும் சேர்ந்தே காவல் இருந்தார்கள். ஜெர்மன் சக்கரவர்த்தி முதலாம் வில்ஹெல்மை நடுவராக வைத்து, அவர் 1872 அக்டோபர் 21 அன்று ஹாரோ நீரிணைதான் எல்லை என்று சொன்னார். தீவுகள் அமெரிக்காவுக்குப் போயின. ஆங்கில முகாம் இருந்த இடத்தில் இன்றைக்கும் பிரிட்டிஷ் கொடி பறக்கிறது. அமெரிக்க அரசின் பூங்காக் காவலர்களே அதை ஏற்றுகிறார்கள்!

கடலில் கோடு போடுவது சுலபம், அதைக் கண்ணால் பார்ப்பதுதான் கஷ்டம் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் போட்ட கோடுகள் எங்கே ஓடுகின்றன என்று ராமேஸ்வரத்து மீனவரைக் கேட்டால், படகையும் வலையையும் பறிகொடுத்த கதையிலிருந்துதான் பதில் தொடங்கும்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். சுக்கான் பக்கத்தில் ஒரு சிறிய திரை. அதில் கடலின் வரைபடம், நடுவே விட்டு விட்டு ஓடும் கோடு, அதை நோக்கி நகரும் ஒரு சின்னப் படகு. அதுதான் நாங்கள். பேத்தி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு, "கோடு எங்கே தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தண்ணீர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கருநீலம். திரையில் கோட்டைத் தாண்டியதும் படகுக்காரர் வலப்பக்கக் கயிற்றில் இரண்டு கொடிகளை ஏற்றினார். ஒன்று கனடாவின் சிவப்பு இலை. போகிற நாட்டுக்கு மரியாதை. இன்னொன்று மஞ்சள். எனக்குச் சட்டென்று முப்பது வருஷம் பின்னால் போய்விட்ட மாதிரி இருந்தது. சின்னப் படகுக்காரர்கள் பலர் இப்போது அதைக் கட்டுவதில்லையாம். "நான் பழைய ஆள்" என்றார் அவர்.

மஞ்சள் கொடிக்குப் பொருள் இப்போது மாறியிருக்கிறது. என் படகில் எல்லோரும் ஆரோக்கியம், உள்ளே வர அனுமதி கேட்கிறேன் என்பதுதான் அது. ஒரு காலத்தில் மஞ்சள் என்றால் நோய், கிட்டே வராதே என்று அர்த்தம். அதைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் தெற்கே தெரிந்த ஒரு தீவைக் காட்டினார். டார்சி தீவு. 1891 முதல் 1924 வரை, குஷ்டம் வந்த சீனக் கூலித் தொழிலாளர்களைக் கொண்டுவந்து விட்ட இடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கப்பல் வந்து உணவும் சவப்பெட்டிகளும் இறக்கிவிட்டுப் போகுமாம். கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் இருக்கிறது. என் மனைவி அந்தத் தீவு மறையும்வரை பேசவில்லை.

ஒன்பதரை மணி சுமாருக்கு சிட்னி. ஆஸ்திரேலியாவின் சிட்னி அல்ல, வான்கூவர் தீவில் உள்ள சிறிய ஊர். படகுத்துறையில் சுங்கத்துக்கென்று தனி மேடை. விதி இதுதான்: படகைக் கட்டியதும் கேப்டன் ஒருவர் மட்டும் இறங்கிப் போய் எல்லைத் துறைக்கு ஃபோன் செய்ய வேண்டும். மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். ஒரு பையைக்கூட இறக்கக் கூடாது. எங்கும் நிற்காமல், நங்கூரம் போடாமல், வேறு படகோடு தொடர்பு கொள்ளாமல் கனடா நீரைக் கடந்து போவதானால் சொல்ல வேண்டியதில்லை என்று 2017இல் சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் கயிறு கரையைத் தொட்டதோ இல்லையோ, உடனே சொல்லியாக வேண்டும்.

எத்தனை பேர், எந்த நாட்டுப் பிரஜைகள், எத்தனை நாள், துப்பாக்கி உண்டா, மது எவ்வளவு, பத்தாயிரம் கனடா டாலருக்கு மேல் பணம் இருக்கிறதா, பழம், காய், செடி உண்டா என்று கேட்டார்கள். வழக்கமாக இத்தோடு ஓர் எண் கொடுத்து விட்டுவிடுவார்களாம். அந்த எண்ணை ஜன்னலில் எழுதி ஒட்டினால் போதும். எங்கள் படகில் நான்கு இந்தியப் பாஸ்போர்ட் என்றதும், இருங்கள், வருகிறோம் என்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையானவர்கள். ஒவ்வொரு முகத்தையும் படத்தையும் பார்த்தார்கள். உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று ஒருவர் கேட்டபோது எனக்கு அந்தப் பன்றி ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. பிறகு பாத்திரத்தில் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்த இட்லி மாவைத் திறந்து பார்த்து, "இது என்ன?" என்றார். என் மனைவி தமிழில் விளக்க, பேத்தி ஆங்கிலத்தில் சொல்ல, "உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு மூடினார். முத்திரை விழுந்தது. மஞ்சள் கொடி இறங்கியது. நானே இறக்கினேன்.

அடுத்த இரண்டு நாள் ஊர் சுற்றியதை விரிவாக எழுதப் போவதில்லை. பழைய சுண்ணாம்புக்கல் குவாரியைப் பூந்தோட்டமாக்கியிருக்கும் புட்சார்ட் தோட்டத்தை அவசியம் பார்க்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் நாள் இரவு சாப்பாட்டின்போது படகுக்காரர் எங்கள் பாஷையின் பெயரைக் கேட்டார். தமிழ் என்றதும், "2010இல் ஒரு கப்பல் நிறையத் தமிழர்கள் வந்தார்களே, அவர்களா நீங்கள்?" என்றார். எம்.வி. சன் ஸீ. 2010 ஆகஸ்ட் 13 அன்று, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குத் தெற்கே, விக்டோரியாவை ஒட்டியிருக்கும் எஸ்குவிமால்ட் கடற்படைத் துறைக்கு அது கொண்டுவரப்பட்டது. உள்ளே 492 இலங்கைத் தமிழர்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. சரக்கு ஏற்றுவதற்குக் கட்டிய கப்பலில், தாய்லாந்துப் பக்கத்திலிருந்து சுமார் மூன்று மாதம் கடலில் கழித்து வந்தவர்கள். அதற்கு முந்தின வருஷம் ஓஷன் லேடி என்ற கப்பலில் 76 ஆண்கள் வந்தார்கள். எல்லோரையும் காவலில் வைத்து விசாரித்தார்கள். பலருக்கு அது மாதக் கணக்கில் நீண்டது. சிலரை ஏற்றார்கள், சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். தப்பி வரும் அகதிகள் வழியில் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதை ஆள் கடத்தல் என்று சொல்ல முடியாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்புச் சொன்னது.

நாங்கள் வந்தது ஒன்றரை மணி நேரம். சோதித்தது இட்லி மாவை. "இல்லை, நாங்கள் அந்தத் தமிழர்கள் அல்ல, இந்தியாவிலிருந்து வந்தவர்கள்" என்று மகன் அவசரமாகச் சொன்னான். சொன்னது உண்மைதான். ஆனாலும் அந்த அவசரம் எனக்கு என்னவோ போலிருந்தது. அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

நான்காம் நாள் திரும்பினோம். மகன் காலையிலிருந்தே பேசவில்லை. ஃபைலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டைத் தாண்டி அமெரிக்க நீரில் கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு மணி அலறியது. இஞ்சின் சூடேறிவிட்டது. கடல்நீரை உறிஞ்சித்தான் அந்த இஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். உறிஞ்சும் குழாயில் கடற்பாசி அடைத்துக்கொண்டது. இஞ்சினை அணைத்துவிட்டு, படகுக்காரர் பலகையைத் தூக்கி உள்ளே இறங்கி வடிகட்டியைக் கழற்ற ஆரம்பித்தார். ஆழம் அதிகம், நங்கூரம் எட்டாது. காற்றும் நீரோட்டமும் படகை மெல்லத் தள்ளின. திரையில் அந்தச் சின்னப் படகு கோட்டை நோக்கிப் பின்னால் போயிற்று. பிறகு கோட்டைத் தாண்டிக் கனடாவுக்குள் போயிற்று.

"இப்போது நாம் கனடாவில் இருக்கிறோம்" என்றான் மகன். குரல் சரியாக இல்லை. "இது புதுசாக இன்னொரு தடவை போனதாக ஆகுமா? ஃபோன் செய்து சொல்ல வேண்டுமா? திரும்ப எங்கே போய்ப் பதிவு செய்வது?"

உள்ளேயிருந்து படகுக்காரர் சிரித்தார். "தண்ணீரில்தானே இருக்கிறோம், அப்பா! இதை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?" தலையை வெளியே நீட்டியவர் இவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்தார். "நீ இங்கே வந்து எத்தனை வருஷம்?" என்றார். "பதிமூன்று" என்றான். "இன்னுமா இப்படி?" மகன் விசா, வரிசை, 7 சதவீதம் எல்லாவற்றையும் சொன்னான். என் அக்கா இறந்ததையும் சொன்னான். ஆறு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், பனிக்காலத்தில் இவன் வாசலிலும் சேர்த்துப் பனி தள்ளுபவர், இவற்றில் ஒன்றும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இவனும் சொன்னதில்லை.

அவர் பதில் எதுவும் சொல்லாமல் படகின் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். இஞ்சின் நின்ற நேரம், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நின்ற காரணம், நங்கூரம் போடவில்லை, வேறு படகை நெருங்கவில்லை, யாரும் ஏறவோ இறங்கவோ இல்லை என்று நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதையே இன்னொரு தாளில் எழுதி மகனிடம் கொடுத்தார். கப்பல் கேப்டன்கள் புயலில் சிக்கினால் இப்படித்தான் எழுதி வைப்பார்கள். எத்தனை எழுத்துகளை நான் நகல் எடுத்திருக்கிறேன்! பிறகு அவர் போய் வடிகட்டியைச் சுத்தம் செய்தார். இருபது நிமிஷத்தில் இஞ்சின் ஓடியது.

ரோச் ஹார்பரில் அமெரிக்கச் சுங்க மேடை. இங்கேயும் அதே விதி, கேப்டன் முதலில். முப்பது அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு வருஷ வில்லை ஒன்று உண்டு, அதைப் பார்த்தார்கள். எங்களையெல்லாம் பாஸ்போர்ட்டோடு வரச் சொன்னார்கள். எனக்கும் மனைவிக்கும் இரண்டு நிமிஷம். பேத்திக்கு அதுவும் இல்லை, பள்ளிக்கூடம் எப்போது திறக்கிறது என்று கேட்டார்கள். மகன் பாஸ்போர்ட்டைப் புரட்டிய இளம் அதிகாரி ஒரு பக்கத்தில் நின்றார். "விசா முடிந்துவிட்டதே?" மகன் ஃபைலைத் திறந்து விதியைக் காட்டினான். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இருபத்தைந்து நிமிஷம். சுவரில் கடிகாரம் இருந்ததால் எனக்குத் தெரியும். மருமகள் குழந்தையின் தலைமுடியை அவிழ்த்து, பின்னி, மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். படகுக்காரர் வெளியே போகலாம் என்று சொல்லியும் போகவில்லை. எங்கள் பக்கத்திலேயே நின்றார். எத்தனையோ மாலுமிகளைச் சுங்க அறை வாசலில் இப்படி உட்கார வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

மூத்த அதிகாரி ஒருவர் வந்தார். கனடாவில் விசாவுக்கு விண்ணப்பித்தாயா என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்றான். முத்திரை குத்திக் கொடுத்தார். இஞ்சின் நின்ற தாளை யாரும் கேட்கவில்லை. மகன் அதையும் ஃபைலிலேயே வைத்துக்கொண்டான்.

அங்கே மாட்டிக்கொண்டது வேறொன்று. படகைச் சோதித்தவர் குளிர்பெட்டியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தையும் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பிடி கறிவேப்பிலையையும் எடுத்துக்கொண்டு வந்தார். எலுமிச்சைச் சாதி மரங்களைக் கொல்லும் ஒரு நோய் உண்டு. அதைப் பரப்பும் குட்டிப் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். கறிவேப்பிலையும் ஆரஞ்சும் ஒரே குடும்பத்துச் செடிகள். அந்த நோயால் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் பாழாகியிருக்கின்றன. ஆகவே அனுமதி இல்லை. அபராதம் ஒன்றுமில்லை, நாங்களே சொல்லியிருந்ததால். பையில் போட்டு முடிச்சுப் போட்டார்கள். "எல்லோரையும் விட்டுவிட்டு இதைப் பிடிச்சுக்கிட்டாங்களே" என்றாள் என் மனைவி.

அன்றிரவு துறையிலேயே தங்கினோம். கறிவேப்பிலை இல்லாத ரசம். படகுக்காரர் இரண்டு தம்ளர் குடித்தார். சாப்பிட்டு முடிந்ததும் மனைவி மகனைப் பார்த்து, "ஏன்டா, கனடாவுக்கு முப்பது நாள்னு ஒரு சட்டம் வச்சிருக்கானே, செம்பூருக்கு அப்படி ஒண்ணு கிடையாதா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

காலையில் காபி குடிக்கும்போது, "அப்பா, நான் தேதி பார்க்கிறேன். மும்பையில் கிடைக்காவிட்டால் சென்னையில். என்ன ஆனாலும் ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறேன்" என்றான். மருமகளும் தலையாட்டினாள். அக்காவின் வீட்டை இன்னும் காலி செய்யவில்லை, அவன் வந்து பார்க்கட்டும் என்று சொன்னேன்.

இதை எழுதும் நாள்வரை தேதி கிடைக்கவில்லை. இரவு படுக்கப் போகுமுன் தினமும் ஒருமுறை கம்ப்யூட்டரில் பார்க்கிறானாம்.